கிளீட்டஸின் நிழல் மணல்துறைக்கு ஆடியது

நடுவில் ஒரு கல்லறைத் தோட்டமும் ஒரு ஐஸ் கம்பெனியும் மட்டும் கிடக்க, ஒன்றில் சாளை மீன் பொரித்தால் மற்றொன்றின் பூசையில் எச்சில் ஊறும்படி ஒட்டிக் கிடந்த இரண்டு கடற்கரை ஊர்கள், பாறைத்துறை என்றும் மணல்துறை என்றும் இருந்தன. இப்போதும் இருக்கின்றன, கடல் இன்னும் எடுக்கவில்லை. அந்த ஊர்களுக்குத் தெரிந்த தொழில் மீன்பிடி, தெரிந்த சாமி மாதா, தெரிந்த சண்டை கால்பந்து.

எங்கள் ஊரான பாறைத்துறைக்குக் கிளீட்டஸ் ஆடினார். அவர் காலுக்குப் பந்து வந்தால் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற கை அந்தரத்தில் நிற்கும், ஏலம் கூறுகிற பெண்ணின் வாய் தொகையைப் பாதியில் விழுங்கும், பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருக்கிற சாமியார் கூட்டின் திரையை விலக்கி, 'கொஞ்சம் பொறு மகளே, உன் பாவம் எங்கேயும் போகாது' என்று எட்டிப் பார்ப்பார் என்றெல்லாம் சொல்கிறார்கள், சொல்கிறவர்கள் கூட்டிச் சொல்லாமலும் இல்லை. ஆனால் மைக் செட் அருளப்பன் வர்ணனையை இரண்டு ஊரும் மனப்பாடமாகச் சொல்லும்: "ரசிகப் பெருமக்களே, இதோ கிளீட்டஸ், ஒருவரைக் கடந்தார், இருவரைக் கடந்தார், பெருமக்களே, என்னையும் கடந்து விட்டார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கோல்!"

மணல்துறை மாதா திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில்தான் அது நடந்தது. இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் ஒற்றையாகப் புகுந்தபோது கிளீட்டஸின் வலது முழங்கால், காய்ந்த மட்டை ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது. துடுப்புகளைச் சேர்த்துக் கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர் மொத்தமும் ஒப்பாரி வைத்துக்கொண்டு பின்னால் போனது. நிழல் மட்டும் போகவில்லை. அது மணலிலிருந்து எழுந்தது, எழுந்து இடுப்பில் கைவைத்து நின்று சுற்றிலும் பார்த்தது, பந்து கிடந்த இடத்துக்குப் போனது, கோல் அடித்தது.

நடுவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "கோல் செல்லும். ஆட்டக்காரர் வெளியே போனாலும் அவருடைய ஒரு பகுதி களத்தில் நிற்கிறது. மாற்று ஆள் இறங்கவில்லை. என்னிடம் சட்டப் புத்தகம் பேசாதீர்கள், புத்தகம் வீட்டில் இருக்கிறது."

நிழல் எப்படிப் பந்தை உதைக்கும் என்று கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். பந்து போனது, வலை ஆடியது, அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்தும் நிழல் மணல்துறை மைதானத்தை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட காலோடு கிளீட்டஸை ஆட்டோவில் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். அது அவர் காலைத் தாண்டி ஓடிப் போய்க் கோல் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. மணல்துறை விளையாட்டுக் கமிட்டிச் செயலாளர் வியாகப்பன், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்: "மரத்துண்டு ஒதுங்கட்டு, எண்ணெய் டிரம்மு ஒதுங்கட்டு, செத்த திமிங்கலம் ஒதுங்கட்டு, எந்தக் கரையில ஒதுங்குதோ அந்தக் கரைக்குத்தான் அது. போன மழைக்கு எங்க வள்ளத்துத் துடுப்பு உங்க கரையில ஒதுங்குனப்ப தந்தியளா? தரல. அப்போ இது எங்களுக்கு."

பங்குச் சாமியார் ஹிலாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஞானஸ்நானம் உடம்போடு சேர்த்து நிழலுக்கும் ஆகிவிட்டது, அதில் சந்தேகமில்லை. இனி அது எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. எந்த மண்ணில் கிடக்கிறதோ அந்தப் பங்கு. ஆமென், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்றார். அந்த ஆண்டே மணல்துறை அணிப் பட்டியலில், வெளியூர் ஆட்டக்காரனைத் திருவிழாவுக்கு அழைத்து வருகிற வழக்கப்படி, கெஸ்ட் பிளேயர் என்று அதைச் சேர்த்தார்கள்.

மணல்துறைக்கு நிழல் சீக்கிரம் பழகிவிட்டது. நெத்திலி காயப் போடுகிற பெண்கள், அது குறுக்கே நின்றால், "ஏலே, வெயில மறைக்காத, தள்ளி நில்லு" என்று துடைப்பத்தை ஓங்கினார்கள், அதுவும் தள்ளி நின்றது. உச்சி வெயிலில் அது ஒரு நாய்க்குட்டி அளவுக்குச் சுருங்கிக் கோல் கம்பத்தின் அடியில் படுத்துக்கொள்ளும். அப்போது யாரும் அந்தப் பக்கம் சத்தம் போட மாட்டார்கள். திருவிழாச் சாப்பாட்டில் அதற்கும் ஓர் இலை போட்டார்கள், காகம் தின்றது, நிழல் தின்றதாகக் கணக்கு. மேகம் மூடினால் அது காணாமல் போய்விடும் என்பதால், மாலையாட்டம் மட்டுமே ஆடுவது என்றும், மேகம் வந்தால் மணல்துறை ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும் என்றும் இரண்டு ஊர்க் கமிட்டியும் டீயும் பருப்பு வடையுமாக உட்கார்ந்து விதி எழுதின. மேகத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வது வியாகப்பனின் பொறுப்பு.

பாறைத்துறைக்குத் திரும்பி வந்த கிளீட்டஸுக்குக் கொச்சியில் ஓர் அணியில் பேசி வைத்திருந்த வேலை போயிற்று. கால் நொண்டியது, நிழலும் இல்லை. ஊர் அதற்கும் பழகியது. தூண்டில்காரர்கள் வந்து, "நிழல் விழாத ஆளு வள்ளத்துல இருந்தா மீனு மிரளாது, வாரீரா ஓய்?" என்று கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டுப் போட்டோக்காரர், "இவர் முகத்துல மட்டும் எங்க நின்னாலும் இருட்டு விழாது" என்று முதல் வரிசையில் நிறுத்தினார். பெண் கேட்டுப் போனபோது ஜெசிந்தாளின் அம்மா, "காலும் சரியில்ல, நிழலும் கெடையாது, என்னத்தப் பாத்துக் கெட்டுக?" என்று மூக்கைச் சிந்தினாள். ஜெசிந்தாள் அரிவாள்மணையில் மீனை வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "நிழலு மணல்துறையில மேயட்டு. ஆளு வீட்ல கெடப்பாரில்லா, அது போதும்" என்றாள்.

ஆனால் ஆள் வீட்டில் கிடக்கவில்லை. கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக் கோச் ஆனார்.

எப்படிப்பட்ட கோச் தெரியுமா? பந்தைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கரைமடி இழுக்கக் கூட்டிப்போவார். கடலுக்குள் வளைத்துப் போட்ட பெரிய வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுக்க வேண்டும். ஒரு கூட்டம் முந்தினால் வலை கோணும், கோணினால் மீன் போய்விடும். "பக்கத்துக் கயிறப் பாத்து இழுங்க லேய்! ஒனக்குப் பெலம் இருக்குன்னு ஒனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும், கயித்துக்குத் தெரியண்டாம்!" என்று கத்துவார். பிறகு மைதானம். அங்கே அவருக்கு ஒரே ஒரு மந்திரம் உண்டு, வெயில் ஏறுகிற வரை, மூக்கு வியர்க்கிற வரை, ஐஸ் கம்பெனிக் காவலாளி காதைப் பொத்துகிற வரை அதையே சொல்வார்: "குடு! குடு லேய்! தனியா நிக்கான் பாரு, குடு!" எல்லார் காலிலும் படாமல் போன கோலை அவர் கோல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஊர் கைதட்டும், அவர், "பந்து தொலைஞ்சு போச்சு, போய் எடுத்துட்டு வா" என்பார். அவரிடம் ஆடிய பையன்கள் காவல்துறை அணிக்கும் ரயில்வே அணிக்கும் கல்லூரி அணிகளுக்கும் போனார்கள், போன இடத்திலெல்லாம், 'இவன் வந்த பிறகு மற்றவர்கள் நன்றாக ஆடுகிறார்கள்' என்றார்கள்.

அப்படியும், வருஷா வருஷம், மணல்துறை மாதா திருவிழாக் கோப்பையில் நாங்கள் தோற்றோம். கிளீட்டஸ் வளர்த்த பையன்களைக் கிளீட்டஸின் நிழல் அடித்தது. அதற்குக் கால் நோகவில்லை, வயசு ஆகவில்லை, மூச்சு வாங்கவில்லை. அது ஓடும்போது இரண்டு ஊரும் எழுந்து நின்று, சுண்டல் பொட்டலத்தோடு எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான், "கிளீட்டஸ்! கிளீட்டஸ்!" என்று கத்துவார்கள். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கிளீட்டஸ் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் தன்னைக் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் திருவிழாக் கொடியேறிய அன்று எங்கள் கமிட்டித் தலைவர் லூர்தையன் கிளீட்டஸைக் கூப்பிட்டு அனுப்பினார். லூர்தையன் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மேசையைத் தட்டுவார், மேசை இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவனைத் தட்டுவார்.

"பாரும் கிளீட்டஸ், மரியாதைக்குச் சொல்லுகேன்." தட்டு. "நாகர்கோயில்ல லைசென்ஸ் கோச் ஒருத்தர் இருக்காரு. லேப்டாப் வச்சிருக்காரு." தட்டு. "உம்ம நிழலு நம்மள வருஷா வருஷம் அடிக்கி. சொந்த நிழல அடக்கத் தெரியாத ஆளுன்னு மணல்துறைக்காரன் மைக்குல சொல்லுகான். இந்தக் கப்பு வரல்லேன்னா விசில் என் கையில வந்திரணும்."

"வந்திரும்" என்றார் கிளீட்டஸ்.

வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவில்லை. விசிலைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றித் துடைத்தார். ஜெசிந்தாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விசிலு போனா என்ன செய்விய?" என்று கேட்டாள். "தெரியல பிள்ளே" என்றார். பந்தும் இல்லாமல், பிள்ளைகளும் இல்லாமல் விடிகிற காலையை அவர் பார்த்ததே இல்லை.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. பெண்கள் மேகம் வேண்டி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார்கள், கடைசியில் திரி தீர்ந்துபோய் மணல்துறைக் கடையில் வாங்கினார்கள். இறுதி ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் எங்கள் கேப்டன் ரெக்சின், பல்லை எல்லாம் காட்டிக்கொண்டு, "அண்ணே, கவலப்படாதிய. நாளைக்கு மேகம் உறுதி. தெக்குத் தெருவுல நூத்தியொண்ணு ஏத்திருக்கு" என்றான்.

"மேகம் வந்து செயிச்சா கப்ப மேகத்துக்குக் குடுக்கணும் மக்கா" என்றார் கிளீட்டஸ். பிறகு எல்லாரையும் மணலில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"லேய், ஒண்ணு சொல்லுகேன். அவன், அந்த நிழலு, பந்து குடுக்க மாட்டான்."

"யாருக்கு அண்ணே?"

"யாருக்கும். நான் ஆடின காலம் பூரா ஒரு பயலுக்கும் குடுத்ததில்ல. கோலு போச்சு, சனம் கைதட்டிச்சு, எவனும் கேக்கல்ல. அந்தக் கடைசி ஆட்டத்துல வலத்த சிலுவைதாசன் தனியா நின்னு, 'இஞ்ச தா, இஞ்ச தா'ன்னு கத்துனான். எனக்கு நல்லாக் கேட்டுது. அப்பறந்தான் ரெண்டு பேருக்கு நடுவுல போனேன்." அவர் எழுந்து நின்றார். "அதனால மத்தவனுவள விட்டுருங்க. ஓராளும் பாக்கண்டாம். எல்லாரும் அவனச் சுத்தி நில்லுங்க. அவனுக்கு வேற வழி தெரியாது."

விடிவதற்குள் இது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, எங்கள் ஊரில் ரகசியத்துக்குக் கால் முளைக்காது, நேராக இறக்கைதான். ரெக்சினுக்குக் கிளீட்டஸ் பெருமை சொல்லியே சோறூட்டிய அவன் அப்பா, "நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போடுகதா? எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான் ஓய்!" என்று கிளீட்டஸ் வீட்டு வாசலில் வந்து கத்தினார். டீக்கடையில் மாட்டியிருந்த பழைய அணிப் படத்தைக் கடைக்காரர் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். கிளீட்டஸ் டீ குடித்தார், படத்தின் முதுகைப் பார்த்தார், ஆட்டத்துக்குப் போனார்.

மேகம் ஒரு துளி இல்லை. வெயில் கடல் பக்கமிருந்து சாய்ந்து வந்தது. அருளப்பன் மைக்கைத் தட்டி, ஊதி, "ரசிகப் பெருமக்களே, பாறைத்துறை அணியின் பயிற்சியாளர் கிளீட்டஸ், மணல்துறை அணியின் முன்வரிசை வீரர் கிளீட்டஸ், இருவருக்கும் ஒரே அம்மா என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றார்.

விசில் ஊதியதும் எங்கள் பையன்கள் கோச் சொன்னபடியே செய்தார்கள். நிழல் நின்ற இடத்தில் நான்கு பேர் வேலி கட்டினார்கள். அது வலமாகப் போனால் வேலி வலமாகப் போனது, இடமாகத் திரும்பினால் வேலி திரும்பியது. மணல்துறையின் மற்ற ஆட்டக்காரர்கள் ஆள் காவலே இல்லாமல் கோலுக்கு முன்னால் நின்றார்கள், நின்று என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்காக அவர்களுக்கு யாரும் பந்து கொடுத்ததில்லை, நிழல் கோல் அடித்ததும் ஓடிப்போய்க் குதிப்பதுதான் அவர்களுடைய ஆட்டம். அவர்களில் ஜெனிஸ் என்று ஒரு நெட்டைப் பையன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு காது குடைந்தான். இடைவேளைக்குச் சற்று முன்பு பந்து எங்கள் கோல்கீப்பரிடமிருந்து கிளம்பி, ஒருத்தன் காலிலும் தங்காமல், ஒருத்தன் காலையும் விடாமல், கோலம் போடுகிற கை எடுக்காமல் போவதுபோல் போய், ரெக்சினின் காலிலிருந்து வலைக்குள் விழுந்தது. எங்கள் ஊர் ஆடிய ஆட்டத்தில் சுண்டல்காரரின் அடுப்பு அணைந்தது. லூர்தையன் பக்கத்தில் நின்றவனைத் தட்டித் தட்டி அழவைத்தார்.

இடைவேளைக்குப் பிறகு வெயில் சாயச் சாய நிழல் நீண்டது. அதன் கால்கள் பனை உயரத்துக்கு வளர்ந்தன. நான்கு பேர் வேலியை அது குனிந்துகூடப் பார்க்காமல் ஒரே எட்டில் தாண்டிப் போய்ச் சமன் செய்தது. "கிளீட்டஸ்! கிளீட்டஸ்!" என்று இரண்டு ஊரும் கத்தின, எங்கள் ஊர்க்காரர்கள் பாதியில் நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிளீட்டஸ் பெஞ்சிலிருந்து எழுந்து, "எல்லாரும்! எல்லாரும் போங்க லேய்!" என்றார். கோல்கீப்பர் தவிர எங்கள் பையன்கள் அத்தனை பேரும் அதைச் சூழ்ந்தார்கள். ஒட்டி நின்றார்கள், காலோடு கால் பின்னி நின்றார்கள், நிழலுக்கு எங்கே கால் எடுத்து வைத்தாலும் ஒரு பாறைத்துறைப் பாதம் இருந்தது. கடைசி நிமிஷம் வந்தது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

நடுவே நிழல் பந்தின் மேல் காலை வைத்து நின்றது. வலப்பக்கம், வெகு தூரத்தில், தன்னந்தனியாக ஜெனிஸ் நின்றான்.

அப்போது மைதானம் முழுக்கக் கேட்டது: "குடு! குடு லேய்! தனியா நிக்கான் பாரு, குடு!"

எங்கள் பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். பந்து எங்கள் யாரிடமும் இல்லை. கத்தியது கிளீட்டஸ். கோட்டின் ஓரத்தில், நொண்டிக் காலில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு கத்தியது கிளீட்டஸ்தான். விசிலையும் கப்பையும் அந்த வாய் நினைக்கவில்லை. அது கோச்சின் வாய், தனியாக நிற்கிறவனைக் கண்டால் அதற்கு மூடத் தெரியாது.

நிழல் தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது. பிறகு கொடுத்தது.

பந்து ஆறு பேர் கால்களுக்கு நடுவில் நழுவிப் போய் ஜெனிஸின் காலில் நின்றது. அவன், "எனக்கா?" என்று கேட்டான். கேட்டது எல்லாருக்கும் கேட்டது, அவ்வளவு அமைதி. பிறகு உதைத்தான். ஜெனிஸ் என்று ஒருத்தன் இருப்பதையே எங்கள் கோல்கீப்பர் அப்போதுதான் பார்த்தான். அருளப்பன், "பெருமக்களே..." என்று தொடங்கி மைக்கைக் கீழே வைத்தார்.

மணல்துறை ஜெனிஸைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடியது. கிளீட்டஸ் கைதட்டிக்கொண்டே நின்றார். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

லூர்தையன் தட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் தன் தொடையையே தட்டிக்கொண்டு வந்தார். "யாருக்கு ஓய் கோச்சு நீரு? எங்களுக்கா, அவனுக்கா? தோத்துட்டுக் கை தட்டுகீரே!"

"குடுத்தான் பாத்தீரா?" என்றார் கிளீட்டஸ். "எப்பிடிக் குடுத்தான் பாத்தீரா?" சொல்லிக்கொண்டே கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி லூர்தையன் கையில் வைத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாக நொண்டி நொண்டி வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் எங்கள் மைதானத்தில் பிள்ளைகள் வழக்கம்போல் வந்து நின்றார்கள். கோச் மாறிவிட்டார் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் வந்திருப்பார்கள். நெட்டை ஜெனிஸும் மணல்துறையிலிருந்து இரண்டு தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு வந்து கூச்சத்தோடு நின்றான். கிளீட்டஸ் வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளியே வரவில்லை. ஜெசிந்தாள்தான் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "பிள்ளைய நிக்குது. விசிலு இல்லேன்னா வாயில்லியா?"

அவர் வந்தார். இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். பிள்ளைகள் வரிசையில் நின்று, பந்தை வாங்கி, கொடுத்து, வரிசையின் கடைசிக்கு ஓடிப்போய் நின்றார்கள்.

தடுக்கலாம் என்று வந்த லூர்தையனும், மூச்சிரைக்க ஓடிவந்த வியாகப்பனும் ஒரே நேரத்தில்தான் அதைப் பார்த்தார்கள். வரிசையின் கடைசியில், மூக்கு ஒழுகுகிற ஒரு பொடியனுக்குப் பின்னால், யார் காலிலும் ஒட்டாமல், காலை வெயிலில் நீளமாக நிழல் நின்றுகொண்டிருந்தது.

"மக்களே, வா, வீட்டுக்குப் போவோம்" என்று வியாகப்பன் கைநீட்டினார். "நெத்திலிக்காரியளு தேடுகாளுவ. வா ராசா."

நிழல் அசையவில்லை. அதன் முறை வருவதற்கு இன்னும் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

லூர்தையன் கொஞ்ச நேரம் எதையும் தட்டாமல் நின்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் கிளீட்டஸின் கையில் திணித்தார். "வச்சிக்கிடும். லேப்டாப்புக்காரன் இதையெல்லாம் மேய்க்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, வியாகப்பனை டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனார்.

நிழலின் முறை வந்தது. பந்து வந்தது. அது வாங்கி, ஜெனிஸின் தம்பிக்குக் கொடுத்தது. பந்து கொஞ்சம் விலகிப் போயிற்று.

கிளீட்டஸ் விசில் ஊதினார். "பாதத்தோட உள்பக்கத்தால குடு லேய்" என்றார். "எத்தன தடவ சொல்லுகது? போ, கடைசில போய் நில்லு."